பழவேற்காட்டில் பாதிரியார், யாழ்ப்பாணத்தில் தடை: ஒரே கம்பெனியின் இரண்டு முகங்கள்!

கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் காலையில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேர். நடுவில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. ஏரி, பறவைகள், இறால் வறுவல்... ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இதற்காகத்தான் வருகிறது.

ஊருக்குள் கொஞ்சம் நடந்தால் வேறு கதை. 1515-ல் போர்ச்சுக்கீசியர் காலத்தில் தொடங்கியது மகிமை மாதா ஆலயம். அடுத்த நூற்றாண்டில் ஒல்லாந்தர் வந்து, 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அது இப்போது புதர்க்காடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். பயமுறுத்துவதற்கல்ல, சாவை நினைவூட்டுவதற்கு. செல்ஃபி எடுப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

போர்ச்சுக்கீசியர் கத்தோலிக்கர், ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். இருவரும் கும்பிட்டது ஒரே இயேசுவைத்தான். ஆனாலும் ஆகாது. பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜெரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயம் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1651-ல் அது வெளியானது. மாற்று மதத்தின் மேல் அத்தனை ஆர்வம்!

அதே டச்சுக் கம்பெனி 1658-ல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தது. குருமார்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் தந்தால் மரண தண்டனை. மாந்தைக் கத்தோலிக்கர்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். அந்தக் காடுதான் இன்றைய மடு.

குருமார் இல்லாத அந்த மக்களைத் தேடி, 1687-ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் வந்தார். வேடம் பிச்சைக்காரர். தமிழ் கற்றுக்கொண்டார். இரவில் வீடுவீடாகப் போய் ரகசியமாகப் பூசை வைத்தார். 1692-ல் கண்டிக்குப் போனபோது, போர்ச்சுக்கீசிய உளவாளி என்று சிறையில் அடைத்தார்கள். பிறகு அவரைச் சுதந்திரமாக நடமாட விட்டவர் கண்டியின் பௌத்த அரசர்! கிறிஸ்தவர்கள் துரத்திய கிறிஸ்தவருக்கு பௌத்தரிடம் இடம். அம்மை நோய் பரவி ஊரே ஓடியபோது, வாஸ் நோயாளிகளுடன் தங்கிவிட்டார். மதம் பார்க்காமல் பார்த்துக்கொண்டார். 1711-ல் கண்டியிலேயே இறந்தார். 2015-ல் போப் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கும் போனார்.

மடு மாதாவுக்கு ஓட்டம் அத்தோடு முடியவில்லை. 2008-ல் போர் நெருங்கியபோது சொரூபத்தை தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய், சில மாதங்களில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பொன்னேரியிலிருந்து அதே ரயிலில் கடைசி வரை போனால் கும்மிடிப்பூண்டி. சிப்காட் புகைபோக்கிகளின் ஊரில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 1990 முதல் கடல் தாண்டி வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்களைத் துரத்தியது போர். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது, குடியுரிமை வரவில்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வழி திறந்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும், இங்கே பிறந்தது ஒன்றே போதாது.