செக்கு நின்ற நாள்

அரபியில் சனிக்கிழமையை ‘யவ்முஸ் ஸப்த்’ என்பர். யூதர்தம் ஓய்வுநாளாகிய ‘ஷப்பாத்’தும் இச்சொல்லும் ஒரே வேரின. இதனை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேலர் நம் நினைவுக்கு வருவர்.

எண்ணெய் ஆட்டுதல் அவர்தம் தொழில். வெள்ளிக்கிழமை கதிரவன் மறைந்தால் மறுநாள் அந்திவரை செக்கு ஓடாது. ஆதலின் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றழைத்தனர். எபிரேய மொழி மறந்துபோயிற்று. ‘ஷெமா’ என்னும் இறையொருமை வாசகம் மட்டும் நாவில் நின்றது. பம்பாயில் அவர்தம் முதல் தொழுகைக்கூடம் எழுந்ததே 1796-இல்தான். அதற்கு முன்னர் தலைமுறை தலைமுறையாக அந்நாளைக் காத்தவை அவர்தம் இல்லங்களே.

கிளியனூரில் வாழும் நமக்கு, வெயில் காலத்தில் ஒருநாள் வேலை நின்றால் ஏழையின் அடுப்பு என்னாகும் என்பது தெரியும். அத்தகைய இழப்பை வாரந்தோறும் மனமுவந்து ஏற்ற பெற்றோரைக் கண்டே அம்மக்களின் பிள்ளைகள் மார்க்கம் கற்றனர்.

நம்மவரோ பிள்ளையை மதரஸாவில் விட்டு, “இனி உங்கள் பொறுப்பு, ஹஜ்ரத்” என்று போய்விடுகின்றனர். எழுத்தையும் ஓதலையும் நாம் கற்பித்துவிடலாம். ஜும்ஆ நாளின் கண்ணியத்தைப் பிள்ளை தன் வீட்டில்தான் காண வேண்டும்.