256 நிறங்களில் அப்பா

“அப்பா படத்த என் ஃபோன்ல போட்டுக் குடுடா” என்று அம்மா கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவள், “மூஞ்சியெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கே, அம்மை போட்ட மாதிரி” என்றாள்.

அந்த அம்மையைப் போட்டது நான்தான்.

2003இல், பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஸ்கேனரை இரவல் வாங்கி ஆல்பத்திலிருந்து 12 படங்களை ஏற்றினேன். எல்லாம் பிஎம்பி கோப்புகள். 640க்கு 480, பிக்சலுக்கு 3 பைட் என்றால் ஒரு படம் 900 கேபி. 1.44 எம்பி ஃப்ளாப்பியில் ஒன்றுதான் கொள்ளும். பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய் மாமாவுக்கு மெயில் அனுப்ப வேண்டும். பெயின்ட்டில் திறந்து ஜிஃபாகச் சேமித்தேன். நிறம் கொஞ்சம் போகலாம், பரவாயில்லையா என்று அது கேட்டது. பதினைந்து வயது. சரி என்று தட்டினேன். இடம் மிச்சமாகட்டுமே என்று பிஎம்பிக்களையும் அழித்தேன். ஆல்பம் 2015 வெள்ளத்தில் போனது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

ஜிஃப் 1987இல் வந்தது. ஒரு படத்துக்கு அதிகபட்சம் 256 நிறங்கள். கார்ட்டூனுக்குப் போதும். ஒரு கன்னத்தில் வெளிச்சம் மெல்ல நிழலாவதற்குப் போதாது. இல்லாத நிறத்தைப் புள்ளிகளை வைத்து ஒப்பேற்றும். 1996இல் வந்த பிஎன்ஜி 1 கோடியே 67 லட்சம் நிறங்களைத் தாங்கும். சுருக்கினாலும் ஒரு பிக்சல்கூட மாறாது. அன்றைக்குப் பெயின்ட்டின் அதே பட்டியலில், சற்றுக் கீழே, அதுவும் இருந்தது.

அம்மா சொன்ன அன்றிரவு அந்த ஜிஃபை பிஎன்ஜி, வெப்பி, ஏவிஃப் என்று வரிசையாக மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அம்மை அப்படியே இருந்தது. தண்ணீர் கலந்த பாலைப் புதுப் பாத்திரத்தில் ஊற்றினால் கெட்டியாகுமா?

யாராவது கேட்டால் இப்போது இதைத்தான் சொல்கிறேன்: பிஎம்பி இருந்தால் பிஎன்ஜியாகவோ இழப்பில்லாத வெப்பியாகவோ மாற்றுங்கள். ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்காதீர்கள், கோப்பு பெருக்கும், படம் தேறாது. புது வடிவம் இருப்பதைக் காக்கும், போனதைத் தராது.

பழைய ஹார்ட் டிஸ்கில் அழிக்க மறந்த ஒரு பிஎம்பி கிடைத்தது. எங்கள் மொபெட்டின் படம். ஓரத்தில் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும். பிஎன்ஜி ஆக்கி அனுப்பினேன்.

அம்மா இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். “நகத்த எப்பவும் இப்படித்தான் ஒட்ட வெட்டிக்குவார்” என்றாள்.