ஏரி மாய்ந்த நாடு

வேந்தன் மாய்ந்தால் பாணன் அரற்றுவான். வள்ளல் மறைந்தால் புலவன் புலம்புவான். செய்வதற்கு ஒன்றுமின்றிக் கையற்று நிற்பவன் சொல்லால் மட்டும் ஆற்றும் கடன் அது. கையறுநிலை என்று அதற்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். பாரி வீழ்ந்தபின் கபிலர் பாரிக்காக மட்டும் அழவில்லை. காப்பார் இல்லாமல் கரை உடையப்போகும் பறம்பின் சிறு குளத்துக்காகவும் அழுதார். அவர் காட்டிய அந்த வழியைத் துணையாகப் பற்றிக்கொண்டு, கலிபோர்னியாவின் கீழ்த்திசை ஓரத்தில் மாய்ந்த ஓர் ஏரிக்காக இதை எழுதுகிறேன்.

ஏரியின் பெயர் ஓவன்ஸ். அது கிடக்கும் நாடு இன்யோ கவுண்டி. 10,000 சதுர மைலுக்கு மேற்பட்ட அகன்ற நிலம். கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளுள் பரப்பால் இரண்டாவது. குடிகளோ 2020 கணக்கெடுப்பின்படி 19,016 பேர். மேற்கு எல்லையில் சியரா நெவாடா மதிலென எழுந்து நிற்கிறது. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் மிக உயர்ந்த முடியாகிய விட்னி, 14,505 அடி உயரம், அந்த மதிலின்மேல் இருக்கிறது. அதே கவுண்டியின் கிழக்கே டெத் வேலி. அங்கே பேட்வாட்டர் என்னும் உப்புப் பள்ளம் கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கிறது. வானத்துக்கு மிக அருகிலும் பாதாளத்துக்கு மிக அருகிலும் உள்ள இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே, பறவை பறக்கும் வழியில், ஏறத்தாழ 85 மைல்தான்.

இந்த மலைக்கும் அந்தப் பாழுக்கும் நடுவே ஒரு நீள்பள்ளத்தாக்கு. பனி உருகிச் சிற்றோடைகளாய் இறங்கும். ஓடைகள் கூடி ஆறாகும். ஆறு தெற்கே ஓடி, வெளியேற வழியற்ற ஒரு பள்ளத்தில் ஏரியாய்த் தேங்கும். நூறு சதுர மைலுக்கு மேல் விரிந்த உப்பேரி. மனிதர் குடிக்க ஆகாத நீர். ஆயினும் வலசை வரும் பறவைக் கூட்டத்துக்கு அதுவே அன்னசத்திரம்.

அப்பள்ளத்தாக்கின் தொல்குடியினரான பையூட் மக்கள் தங்கள் மண்ணைப் பாயாஹூனாடு என்றார்கள். நீர் என்றும் ஓடும் இடம் என்பது அதன் பொருள். தமிழ்ச் செவிக்குப் ‘பாயும் நாடு’ என்றே கேட்கும். தற்செயலான ஒலி ஒற்றுமைதான், மொழியுறவு ஏதுமில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை முதன்முதல் கேட்ட நாளில் நெஞ்சு ஒருகணம் நின்றது. அவர்கள் வெறுமனே நீரைப் பார்த்து வாழ்ந்தவர்கள் அல்லர். மலையோடையை மறித்து அணை கட்டினார்கள். மைல்கணக்கில் வாய்க்கால் வெட்டினார்கள். காட்டுக் கிழங்கும் புல்லரிசியும் செழிக்க நீர் பாய்ச்சினார்கள். பிஷப் ஓடைக்கரையில் ஆண்டுதோறும் இளவேனிலில் ஊர் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். மடை திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. நம் ஊர் நீர்க்கட்டியே அவர். ஓர் ஆண்டு வடக்கு வயல், மறு ஆண்டு தெற்கு வயல் என்று நிலம் ஓய்வு பெறும். இலையுதிர் காலத்தில் அணையைப் பிரித்துவிடுவார்கள். நீர் தன் பழைய வழிக்குத் திரும்பும். வற்றிய வாய்க்காலில் துள்ளும் மீனை ஊரே அள்ளும். அங்கே கவுண்டி பிறக்கும் முன்னரே ஆட்சி இருந்தது. அந்த ஆட்சியின் பெயர் நீர்.

ஏரியே, உனக்கு அவர்கள் இட்ட பெயர் பாட்சியாட்டா. 1845-இல் மேற்கை ஆராய வந்த ஃப்ரீமான்ட் தன் துணைவர் ரிச்சர்ட் ஓவன்ஸின் பெயரை உனக்குச் சூட்டினார். அந்த ஓவன்ஸ் உன்னைக் கண்ணால் கண்டதே இல்லை. உன் கரையில் பிறந்து உன் கரையில் புதைந்தவர்களின் சொல் அழிந்து, உன்னை அறியாதவரின் பெயர் நின்றது. உன் சாவின் முதல் குறி அதுதான்.

1861 முதல் மாடுகளோடு குடியேறிகள் வந்தார்கள். பையூட் மக்கள் நீர் பாய்ச்சி வளர்த்த பசுமையை, இறைவன் தமக்கென விரித்த மேய்ச்சல் என்று எண்ணினார்கள். மாடு கிழங்கு வயலை மிதித்தது, பசித்தவர் மாட்டைக் கொன்றார், போர் மூண்டது. 1862 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாளில், படை ஒரு பாசறை அமைத்தது; நாளுக்கேற்ப அதற்கு இன்டிபென்டன்ஸ் என்று பெயர். விடுதலை என்னும் பெயருள்ள அந்தப் பாசறையிலிருந்துதான் மறு ஆண்டு ஜூலையில் 900-க்கும் மேற்பட்ட பையூட் மக்கள் கோடை வெயிலில் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். 1866-இல் இன்யோ கவுண்டி அமைந்தது. அதன் தலைநகர் இன்டிபென்டன்ஸ்.

கவுண்டிக்கு நல்ல காலமும் இருந்தது. ஏரியின் கிழக்கே செரோ கோர்டோ மலை வெள்ளியும் ஈயமும் ஈன்றது. அந்தப் பாளங்களைச் சுமந்து 1872-இல் பெஸ்ஸி பிராடி என்னும் நீராவிக் கப்பல் உன்மேல் மிதந்தது, ஏரியே. அதே ஆண்டு மார்ச் 26, விடியுமுன் நிலம் குலுங்கிற்று. லோன் பைன் ஊரில் 27 பேர் மாண்டார்கள். வடக்கே இன்டிபென்டன்ஸில் வழக்குமன்றமும் இடிந்தது. அடுத்த மன்றம் 1886 தீயில் எரிந்தது. இன்று வெண்தூண்களோடு நிற்பது 1921-இல் எழுந்தது. இடிந்ததையும் எரிந்ததையும் அந்நாடு மீண்டும் கட்டிக்கொண்டது. வற்றியதை மட்டும் அதனால் மீட்க இயலவில்லை.

வற்றச் செய்தவர் வாளோடு வரவில்லை, பத்திரத்தோடு வந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் 1905-இல் பள்ளத்தாக்கில் நிலமும் நீருரிமையும் வாங்கினார். நடுவண் அரசு உழவருக்காகப் பாசனத் திட்டம் கொண்டுவரப் போகிறது என்று ஊர் நம்பியிருந்த காலம் அது. வாங்கியது நகருக்காக என்பது பின்னர்தான் வெளிப்பட்டது. 1907-இல் நகர வாக்காளர்கள் 2 கோடியே 30 லட்சம் டாலர் கடன்பத்திரத்துக்கு இசைந்தார்கள். அதே ஆண்டு குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், புதிய குடியேற்றம் நுழையாதபடி, பள்ளத்தாக்கின் மரமற்ற வெளியையும் சேர்த்து இன்யோ தேசியக் காடு என்று அறிவித்தார். மரமில்லாத காடு! சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த காடு.

பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் 233 மைல் நீர்வழி அமைத்தார். பாலையும் மலையும் கடந்து, எங்கும் எந்திரம் வைத்து இறைக்காமல், சரிவு ஒன்றையே நம்பி நீர் ஓடியது. பொறியியலில் அது அருஞ்செயல் என்பதை அழுகிறவனும் மறுக்கலாகாது. 1913 நவம்பர் 5 அன்று மடை திறந்தது. ‘அதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சுருங்கச் சொன்னார் முல்ஹாலண்ட். அதே 1913-இல்தான், ஜூலை 10 அன்று, இதே கவுண்டியின் டெத் வேலியில் 134 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் பதிவாயிற்று. உலகின் மிகுவெப்பம் என்று இன்றும் ஏடுகளில் நிற்பது அதுவே. நெருப்பு ஆண்டிலேயே நீரும் போயிற்று.

உழவர் சும்மா இருக்கவில்லை. 1924 மே மாதம் நீர்வழியை வெடிவைத்துத் தகர்த்தனர். நவம்பர் 16-ஆம் நாள் எழுபதுபேர் அளவில் சென்று, லோன் பைனுக்கு வடக்கே உள்ள அலபாமா மடையைக் கைப்பற்றி, சக்கரத்தைச் சுழற்றி, நீரைப் பழைய ஆற்றுப்படுகையில் திருப்பிவிட்டனர். அந்த நான்கு நாளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஊர்ப்பெண்கள் சோறும் கறியும் சமைத்துக் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் கரையில் ஓடினார்கள். அருகே படமெடுக்க வந்திருந்த நடிகர் டாம் மிக்ஸ் தம் இசைக்குழுவை அனுப்பினார். போராட்டக்களம் திருவிழாவாயிற்று. உலர்ந்த படுகையில் நீர் ஓடும் ஓசையைக் கேட்டபடி அவர்கள் உண்டார்கள். இறக்கப்போகிறவர் கண் திறந்து, கஞ்சி கேட்டு, பேரனைப் பெயர்சொல்லி அழைப்பார் அல்லவா? சாவுக்கு முந்திய அந்தத் தெளிவுதான் அது. ஐந்தாம் நாள் மடை மூடப்பட்டது.

போராட்டத்தை முன்னின்று நடத்திய வாட்டர்சன் உடன்பிறந்தார் இருவரும் ஊரின் வங்கியாளர்கள். 1927 ஆகஸ்டில் அவர்களின் வங்கிகள் மூடப்பட்டன. ஊரார் சேமிப்பு கரைந்தது. கையாடல் குற்றம் உறுதியாகி இருவரும் சிறை சென்றனர். எதிர்ப்பின் முதுகெலும்பு அன்றோடு முறிந்தது. 1930-களின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் விளைநிலத்தில் நூற்றுக்கு 95 பங்கும், ஊர்மனைகளில் நூற்றுக்கு 85 பங்கும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் உடைமை. அதற்குள், 1926 அளவிலேயே, ஏரியே, நீ வற்றிப் போயிருந்தாய். கப்பல் மிதந்த இடத்தில் உப்பு வெடித்துக் கிடந்தது. உன் கரையிலிருந்த கீலர் என்னும் ஊருக்குக் கரையே இல்லாமல் போயிற்று.

நீ மாய்ந்தபின்னும் உன் நாட்டுக்குத் துயர் தீரவில்லை. மன்சனார் என்றால் ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம். 1910-இல் பழத்தோட்டங்களோடு எழுந்த அவ்வூரையும் நகர் வாங்கிற்று. மரங்கள் நீரின்றி நின்றன. 1942-இல் அந்த வெற்றிடத்தில் முள்வேலி எழுந்தது. குற்றமேதும் செய்யாத ஜப்பானிய வழி அமெரிக்கர் 10,000-க்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டார்கள். விடுதலை என்னும் பெயருள்ள தலைநகருக்கும் அந்த வேலிக்கும் இடையே ஆறேழு மைல். அடைபட்டவர்கள் என்ன செய்தார்கள்? கைவிடப்பட்ட பேரிக்காய் மரங்களையும் ஆப்பிள் மரங்களையும் கிளை கழித்து, நீர் ஊற்றிக் காய்க்க வைத்தார்கள். 1943-இல் குடும்பத்துக்குப் 15 சென்ட் திரட்டி, இடுகாட்டில் வெள்ளைக் கல் ஒன்று நாட்டினார்கள். ஆவியை ஆற்றும் கோபுரம் என்று அதில் எழுத்து. பின்னே பனிமுடிச் சியரா, முன்னே அந்த வெண்கல். நடுகல் மரபில் வந்த எவனுக்கும் அதன்முன் விளக்கம் வேண்டியதில்லை.

ஏரிக்குத் திரும்புவோம். உலர்ந்த படுகையிலிருந்து காற்று எழுப்பிய உப்புத்தூசி, அமெரிக்காவிலேயே ஓரிடத்திலிருந்து எழும் நுண்துகள் மாசில் மிகப் பெரியதாயிற்று. மாண்டவன் மூச்சுவிட்டான், உயிரோடிருப்பவர் மூச்சடைத்தனர். சட்டம் வற்புறுத்த, இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் நகரே நீர்வழியிலிருந்து நீர் எடுத்து ஏரிப்படுகையில் பரப்புகிறது, சரளையும் கொட்டுகிறது. 200 கோடி டாலருக்கு மேல் செலவு. வாழும்போது சோறிடாத மகன் செத்தபின் வாய்க்கரிசி அள்ளிப் போடுவதைப் போன்றது அது. ஆனால் பறவைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தூசி அடங்கப் பரப்பிய ஆழமில்லா நீரைக் கண்டு ஆயிரமாயிரமாய் அவை திரும்பி வந்தன.

இன்று இன்யோவை ஆள ஐவர் கொண்ட மேற்பார்வையாளர் குழு இருக்கிறது. சாலை, வரி, சிறை, மருத்துவம், தேர்தல் யாவும் அவர்கள் பொறுப்பு. ஆனால் கவுண்டி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு நடுவண் அரசுக்கு. தனியார் கையில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. நீரூறும் நல்ல நிலம் நகருக்கு. தன் நிலத்தில் தானே குத்தகைக்காரன் போல் இருக்கும் நாடு எப்படி ஆளும்? ஆயினும் ஒருமுறை நிமிர்ந்தது. 1970-இல் இரண்டாம் நீர்வழி திறந்து, நிலத்தடி நீரையும் நகர் இறைக்கத் தொடங்க, ஊற்றுகள் அடங்கின, புல்வெளி செத்தது. 1972-இல் கவுண்டி வழக்குத் தொடுத்தது. 1991-இல் உடன்படிக்கை பிறந்தது. 2006 டிசம்பரில், தொண்ணூற்றுமூன்று ஆண்டு கழித்து, ஓவன்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதி 62 மைலில் மீண்டும் நீர் விடப்பட்டது. ஏரியை நிறைக்கும் அளவு அல்ல. ஆறு தன் பெயரை மறவாதிருக்கும் அளவு.

இதே கவுண்டியின் வெள்ளை மலைமேல் மெதூசலா என்னும் பைன் மரம் நிற்கிறது. வயது 4,800-க்கு மேல். எந்த மரம் அது என்பதை வனத்துறை வெளியிடுவதில்லை. வாய்க்கால் வெட்டியவர், மாடு ஓட்டி வந்தவர், வெள்ளி தோண்டியவர், நீர் கொண்டுபோனவர், வேலிக்குள் இருந்தவர் அனைவரும் வந்துபோகையில் அது நின்றிருந்தது. அந்த மரம் சான்று சொல்லுமானால் வழக்கு இப்படித்தான் தொடங்கும்: உழவரிடமிருந்து நகர் எடுத்தது; ஆனால் உழவர் எடுத்தது யாரிடமிருந்து?

ஆகவே இந்தப் புலம்பலில் ஒரு வரிசை உண்டு. இழவு வீட்டில் முதல் உரிமை நெருங்கிய உறவுக்கு. 1939-இல் நடந்த நிலமாற்றில் பையூட் மக்களின் ஏறத்தாழ 2,900 ஏக்கரைப் பெற்றுக்கொண்டு, 1,400 ஏக்கருக்கும் குறைவான நிலத்தை நகர் கொடுத்தது. நீருரிமையை அந்த மாற்றில் சேர்க்கவில்லை. அதை விட்டுக்கொடுக்க நகர வாக்காளரில் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும் என்பது நகரின் விதி. மடைக்கு ஆண்டுதோறும் ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்த குடிகள் அவர்கள். அவர்களின் நீர்ப்பங்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.