பெரியப்பாவின் வண்டியும் நான் தவறாகப் படித்த கடிதமும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

புது மாப்பிள்ளையைப் பற்றியும் புது வண்டியைப் பற்றியும் வீட்டார் குறை சொல்லிக் கேட்டவர் உண்டா? நான் கேட்டதில்லை. "வண்டி எப்படி?" என்று யார் கேட்டாலும் "அருமை" என்பதே பதில். உள்ளே ஆயிரம் இருக்கும், வெளியே வராது. நண்பர்களே, அப்படி வெளியே வராத ஒரு செய்தியைத்தான் இந்த மலரில் எழுதத் துணிகிறேன். அதில் வண்டியின் குறை கொஞ்சம்; என் குறை அதிகம்.

நம் ஊருக்குப் புது வண்டிகள் புதியவை அல்ல. அரக்கோணத்திலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும், எல்லைக்கு அப்பால் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும், வாங்கிய வண்டியை முதலில் நம் மலைக்கே ஓட்டி வருகிறார்கள். நடப்பவர்களுக்கு 365 படிகள், வண்டிகளுக்கு மலைப்பாதை. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பழம் நசுங்கியதும் வீட்டார் முகத்தில் ஒரு நிம்மதி தோன்றும். இனி முருகன் பார்த்துக்கொள்வான்!

மலையடிவாரத்தில் பூசைப் பொருள் கடை வைத்திருக்கும் என் பெரியப்பா, பிறர் வண்டிகளுக்கு எலுமிச்சம்பழம் விற்றே முப்பது ஆண்டுகள் கழித்தவர். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் அவரும் ஒரு வண்டி வாங்கினார். கொஞ்சம் சேமிப்பு, மிச்சம் வங்கிக் கடன். வாங்கியது இப்போது எங்கும் காணப்படும் குட்டி எஸ்.யு.வி. வகை. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. என் கதைக்கு அது தேவையும் இல்லை.

இந்த வகை வண்டி எப்படி வந்தது என்று பார்த்தால் அதில் நம் நாட்டு வரிக் கணக்கு இருக்கிறது. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள், டீசலானால் 1,500 சி.சி.க்குள் என்றால் சிறிய கார் என்று வரி குறையும். ஆகவே உயரமும் மிடுக்கும் பெரிய வண்டியைப் போல, நீளம் மட்டும் நான்கு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவாக வண்டிகள் வந்தன. கரடுமுரடான கிராமச் சாலைக்கும் ஏற்றது, வீட்டு வாசலிலும் அடங்கும். பெரியப்பாவுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் மாதம் முழுவதும் எங்கள் தெருவில் அந்த வண்டியின் புகழே பாடப்பட்டது. அதைக் கேட்டு எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும் அதே வண்டியை வாங்கினார். ஆனால் வீட்டுக்குள் இருந்த எங்களுக்கு மற்றதும் தெரியும். முன்னால் இருக்கும் தொடுதிரை நினைத்தபோது இருண்டுவிடும். பள்ளத்தில் இறங்கினால் பின்கதவுப் பக்கம் கடகடவென்று ஓசை. மலையேறும்போது கிளட்ச் தீய்ந்த நாற்றம். பெரியம்மா ஒருநாள் இதையெல்லாம் பக்கத்து வீட்டில் சொல்லப் போக, பெரியப்பா அவரைத் தனியே அழைத்து, "ஊர் சிரிக்கவா?" என்று கடிந்துகொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் தமிழ் உண்டு. பாட்டி நகரிப் பக்கம் பிறந்தவராதலால் தெலுங்கும் உண்டு. கடிதமோ இரண்டிலும் இல்லை, முழுவதும் ஆங்கிலம். பெரியப்பா உறையைக் கூடப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். "காலேஜ்ல படிக்கிறவன் நீதானே, என்ன போட்டிருக்குன்னு பாரு."

குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியவில்லை என்று சொல்ல வாய் வருமா? படித்தேன். 'வாலன்டரி ரீகால்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. 'ரீகால்' என்றால் நினைவுகூர்தல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். கீழே 'இன்ஸ்பெக்ஷன்', 'கட்டணமின்றி' என்ற பொருள்பட ஏதோ இருந்தது. பிரேக் என்ற சொல்லும் கண்ணில் பட்டது. நடுவில் இருந்த நீண்ட வாக்கியம் எனக்குப் பிடிபடவில்லை.

"நம்மள ஞாபகம் வெச்சு எழுதியிருக்காங்க பெரியப்பா. இலவசமா வண்டியைச் செக் பண்ணித் தர்றாங்களாம்" என்றேன்.

"அதுக்காக அவ்வளவு தூரம் போகணுமா? எண்ணெய்க் காசு யார் தர்றது?" என்று சிரித்தபடி அவர் கடிதத்தை நாட்காட்டிக்குப் பின்னால் செருகினார். பிறகு இரண்டு முறை தொலைபேசி அழைப்பும் வந்தது. காப்பீடு விற்பவர்கள் என்று நினைத்து அவர் துண்டித்துவிட்டார்.

மூன்று மாதம் சென்றது. ஒரு செவ்வாய்க்கிழமை பாட்டியையும் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். நான் முன்னிருக்கையில். தரிசனம் முடிந்து இறங்கும்போது, பாதி வழியில், ஒரு வளைவுக்கு முன்னால் பெரியப்பாவின் முகம் மாறியது. "பிரேக் கல்லு மாதிரி இருக்குடா" என்றார். இரண்டு கால்களையும் ஊன்றி அழுத்தினார். கியரைக் குறைத்தார், கைப்பிரேக்கை இழுத்தார். வண்டியின் இடப்பக்கம் தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. பாட்டி உதட்டைக் கடித்துக்கொண்டதில் கொஞ்சம் இரத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அங்கே பார்த்ததை இன்றும் சில இரவுகளில் பார்க்கிறேன்.

வந்து பார்த்த மெக்கானிக் எனக்கு ஒரு பாடமே நடத்தினார். நம் கால் மட்டும் பிரேக்கை அழுத்துவதில்லையாம். எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடம் ஒரு குழாய் வழியாக வந்து காலுக்குத் துணை செய்கிறதாம். அந்தக் குழாயின் இணைப்பு நெகிழ்ந்து காற்று புகுந்தால் துணை போய்விடும். பிரேக் இருக்கும், ஆனால் மிதிக்கப் பல மடங்கு வலு வேண்டும். இணைப்பைக் காட்டிவிட்டு அவர் சாதாரணமாகக் கேட்டார்: "இந்த மாடலுக்கு இதை மாத்தணும்னு கம்பெனில இருந்து லெட்டர் வந்திருக்குமே, வரலையா?"

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. "வரலையே" என்றார். உண்மையில் மறந்துபோயிருந்தார். எனக்கு மறக்கவில்லை.

அன்றிரவு எல்லோரும் உறங்கிய பின் நாட்காட்டிக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்தேன். அகராதியுடன் உட்கார்ந்து சொல் சொல்லாகப் படித்தேன். நான் தாண்டிச் சென்ற அந்த நீண்ட வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. குழாய், இணைப்பு, பிரேக் கடினமாதல், விபத்து நேரக்கூடும் என்ற எச்சரிக்கை. மூன்று மாதமாக அது எங்கள் சுவரில் முருகன் படத்துக்கு அருகில் தொங்கிக்கொண்டிருந்தது.

வரலாற்று மாணவனாதலால் இந்த 'ரீகால்' எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அமெரிக்காவில் 1965-இல் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் கார்களின் ஆபத்தான அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டே, 1966-இல், அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1978-இல் ஃபோர்டு நிறுவனம், பின்னால் மோதினால் பெட்ரோல் தொட்டி தீப்பற்றக்கூடும் என்பதற்காக, பின்ட்டோ உள்ளிட்ட சுமார் 15 லட்சம் கார்களை அழைக்க நேர்ந்தது. நம் நாட்டில் 2012-இல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானே முன்வந்து ஒரு நெறிமுறை வகுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, குறையுள்ள வண்டிகளை அழைக்க உத்தரவிடும் அதிகாரம் ஒன்றிய அரசுக்குக் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். அரசு உத்தரவிட்டுக் கட்டாயமாக அழைக்க நேர்ந்தால் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

குட்டி எஸ்.யு.வி.களின் வரலாற்றில் நம் பகுதிக்கும் இடம் இருக்கிறது. மறைமலைநகர் தொழிற்சாலையில் உருவான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தது; 3,999 மில்லிமீட்டர் நீளம். மக்கள் முண்டியடித்து முன்பதிவு செய்தார்கள். வந்த ஆண்டே டீசல் வண்டிகளில் சிலவற்றை ஒரு பாகத்தை மாற்ற அழைத்தார்கள். 2015 நவம்பரில் 16,444 வண்டிகளைப் பின்சக்கர அமைப்பின் திருகாணிகளுக்காக அழைத்தார்கள். 2016-இல் எரிபொருள், பிரேக் குழாய்களைப் பிடித்துவைக்கும் கிளிப்புக்காக நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டீசல் வண்டிகளை அழைத்தார்கள். எல்லாம் கட்டணமின்றி. இத்தனைக்குப் பிறகும் 2021-இல் உள்நாட்டு விற்பனைக்கான உற்பத்தி நிற்கும்வரை அந்த வண்டியை விரும்பி வாங்கினார்கள். இன்றும் நம் கடைத்தெருவில் அது ஓடுகிறது. மற்ற நிறுவனங்களும் விலக்கல்ல. 2023 ஜனவரியில் மாருதி சுசுகி, பிரெஸ்ஸா, கிராண்ட் விட்டாரா உள்ளிட்ட 17,362 வண்டிகளைக் காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கருவிக்காக அழைத்தது.

இந்தச் செய்திகளை நம் செய்தித்தாள்கள் "இத்தனை ஆயிரம் கார்களைத் திரும்பப் பெறுகிறது" என்று எழுதுகின்றன. இதைப் படிக்கும் பாமரர் என்ன நினைப்பார்? வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அஞ்சுவார். உண்மையில் அரை நாளில் ஒரு பாகத்தை மாற்றி வண்டியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். நான் 'நினைவுகூர்தல்' என்றேன். அவர்கள் 'திரும்பப் பெறுதல்' என்கிறார்கள். இரண்டும் வழி தவற வைப்பவையே. 'பழுது நீக்க அழைப்பு' என்று தமிழில் ஒரு வரி அந்தக் கடிதத்தின் தலையில் இருந்திருந்தால்! ஆனால் அதைச் சொல்லி என் தவற்றை நான் கழித்துக்கொள்ள மாட்டேன்.

மறுநாள் காலை கடையில் பெரியப்பா தனியாக இருந்தபோது கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். "அன்னைக்கு எனக்குப் புரியல பெரியப்பா. புரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்." அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தேங்காய்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்து, "புரியலன்னா புரியலன்னு சொல்றதுக்கு என்னடா கூச்சம்?" என்றார். பிறகு தாமே தாழ்ந்த குரலில், "எதிர்வீட்டு வாத்தியாரும் என் பேச்சைக் கேட்டுத்தானே வாங்கினார்" என்றார்.

அங்கேதான் அவருக்குச் சோதனை. ஊரெல்லாம் புகழ்ந்த வண்டி. தம் வாயால் குறை சொல்ல வேண்டும். சுவரில் உரசிய கோட்டைக் கூட "எருமை குறுக்கே வந்தது" என்று சொல்லி வைத்திருந்தார். அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் என்னையும் அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினார். "சார், நம்ம வண்டியில ஒரு குறை இருக்கு" என்று தொடங்கினார். ஆசிரியர் எழுந்து உள்ளே போனார். கையில் ஒரு உறையுடன் திரும்பினார். அவருக்கும் கடிதம் வந்திருந்தது. அவர் ஆங்கிலம் நன்கு அறிந்தவர். முதல் நாளே முழுவதும் படித்துவிட்டார். "நீங்க ஆசையா வாங்கின வண்டி. குறை சொன்னா உங்க மனசு நோகுமேன்னு சொல்லாம விட்டேன். என் வண்டியைப் போன மாதமே காட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

மூவரும் சற்று நேரம் பேசவில்லை. படிக்கத் தெரியாமல் மறைத்தவன் நான். வெட்கத்தால் மறைத்தவர் பெரியப்பா. அன்பால் மறைத்தவர் ஆசிரியர். மூவர் மறைத்ததையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் பாட்டி அந்த மலையிலிருந்து இறங்கினாள்.

வள்ளுவப் பெருந்தகை குற்றங்கடிதல் என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பத்தாம் வகுப்பில் அதை நான் மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். பொருள் விளங்க மலைப்பாதையில் ஒரு வளைவு வேண்டியிருந்தது.

மறுவாரம் பழுது நீக்கப்பட்டது. வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. "எப்படி?" என்று கேட்பவர்களிடம் பெரியப்பா இப்போது நல்லதையும் சொல்கிறார், கடகடச் சத்தத்தையும் சொல்கிறார். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் என்னிடம் வருகிறது. பழைய வண்டி வாங்குபவர்கள்பால் எனக்குத் தனிக் கவலை உண்டு; அழைப்புக் கடிதம் முதல் சொந்தக்காரர் முகவரிக்கே போய்விடக்கூடும். பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தால், பழுது ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இதுவரை சில வண்டிகளுக்குப் பார்த்துத் தந்திருக்கிறேன்.

அன்பு நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். வங்கிக் கடிதமும் மருத்துவச் சீட்டும் நம் கைக்குத்தான் வரும். நம் வாயிலிருந்து வருவதை வீட்டார் வேதமாக நம்புவார்கள். புரியாத இடத்தில் நின்று, "இது எனக்கு விளங்கவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நம் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நூலகத்தில் அகராதி இருக்கிறது. அன்று அதைச் செய்யாதவன் எழுதுகிறேன்.

பாட்டியின் உதட்டில் ஒரு சிறு வடு இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்டால், "முருகன் காப்பாத்தினான்" என்கிறாள். கடிதத்தைப் பற்றி அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்த மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை எடுத்துச் சென்று, இந்தப் பக்கத்தை அவளுக்குப் படித்துக்காட்டப் போகிறேன். ஒரு வாக்கியத்தையும் தாண்டாமல்.