திறக்கத் தெரிந்த மரம்

ஆழ்துளைக் கிணற்றின் நீலக் குழாயை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கோவை வடவள்ளியில் நான் போன வீட்டில், செம்பருத்திக்கும் பவழமல்லிக்கும் நடுவே அது ஒன்றரை அடி உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. தலையில் துருப்பிடித்த மூடி, பக்கத்தில் கறுப்பு ஓஸ், மோட்டார் வயர். அதை மறைக்க வந்திருந்தவர்கள் கோயில் சுதை வேலைக்காரர்கள். மேஸ்திரிக்குச் சீர்காழிப் பக்கம். கோபுரத்துப் பொம்மைகளுக்கு மூக்கும் விரலும் வைத்துப் பழகிய கை. 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது மரபு. ஒரு கோயில் முடிந்து இன்னொன்று கிடைக்கும்வரை குடும்பம் நடக்க வேண்டுமே, அதற்குத்தான் இந்தத் தோட்ட வேலை.

6 மி.மீ. கம்பியை வளைத்து அடிமரம் போல ஒரு கூடு கட்டினார்கள். மேலே கோழி வலை இரண்டு சுற்று, கட்டுக்கம்பியால் முறுக்கி இறுக்கியது. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல், தண்ணீர் குறைவு. முதல் பூச்சு வலைக்குள் புகுந்து பிடித்ததும், இறுகுமுன்பே ஆணியால் கீறிவிட்டார்கள், அடுத்த பூச்சு பற்றிக்கொள்ள. கம்பியையும் சிமெண்டையும் இப்படிச் சேர்க்கும் வித்தைக்கும் தோட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே 1867-இல் கம்பி வைத்த சிமெண்ட் செடித்தொட்டிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய கான்கிரீட் கட்டடங்களின் முன்னோர்களில் அந்தத் தொட்டிகளும் உண்டு.

பட்டை போடுவதைத்தான் நெடுநேரம் நின்று பார்த்தேன். மேஸ்திரி முதலில் தெருவோரத்து வேம்பைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கரண்டி முனையால் நெடுக்காக வெடிப்புகள் இழுத்தார். ஒன்றும் நேராக ஓடவில்லை. பாதியில் நின்று, ஒதுங்கி, மறுபடி தொடங்கின. கம்பி பிரஷ்ஷால் மேடுகளைச் சொரசொரப்பாக்கினார். கிளை ஒடிந்த இடத்து முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்திச் சுழற்றினார். கறுப்பு, மஞ்சள் ஆக்சைடு பொடியை ஈரத்திலேயே தூவித் தேய்த்தார். “பெயிண்ட்னா உரிஞ்சிடும் சார். இது சிமெண்ட்டோட சேர்ந்து காயும்” என்றார். அவர் விரல் நுனிகள் சிமெண்ட் அரித்து வெடித்திருந்தன. கையுறை போட்டால் பட்டை தட்டுப்படாதாம். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவுவதுதான் வைத்தியம்.

இந்த மரத்தின் உண்மையான திறமை வெளியே தெரியாது. அது இரண்டு பாதிகள். உள்ளே போல்ட், சேருமிடம் ஒரு வெடிப்புக்குள். மோட்டார் பழுதானால் முக்காலி நட்டு, சங்கிலிக் கப்பியால் குழாயோடு மேலே இழுக்க வேண்டும். “நாளைக்கு மோட்டார் தூக்க வர்றவரு கடப்பாரையால உடைக்கிற மாதிரி நாம செய்யலாமா?” என்றார் மேஸ்திரி.

கழிவுநீர்த் தொட்டி மூடிமேல் சிமெண்ட் பாறையை வைத்துப் பூசிவிடச் சொன்னார் வீட்டுக்காரர். மேஸ்திரி மறுத்துவிட்டார். உள்ளே கூடான பாறையை, இரண்டு பேர் தூக்கும் எடையில், பூசாமல் மேலே வைத்தார். காற்றுக்குழாயைத் தொடவே இல்லை. அதன் வாயை அடைத்தால் உள்ளே சேரும் வாயு ஆளைக் கொல்லும். ஏசி வெளியெந்திரத்துக்கு மூங்கில் தட்டி போதும் என்றார், அதுவும் முன்பக்கம் திறந்து.

கொல்லையில் வறண்டுபோன இன்னொரு ஆழ்துளைக் குழி. அதற்கும் ஒரு மரம் கேட்டார்கள். “மண்ணைக் கொட்டி முழுசா மூடுங்க ஐயா, அப்புறம் எதுவும் செய்யலாம்” என்றார் மேஸ்திரி. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட குழிக்குள் விழுந்து ஒரு குழந்தை இறந்ததைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் ஒரு லோடு மண்ணுக்குப் போன் போட்டார்.

பூச்சு முடிந்தபின் வேலை, மேஸ்திரியோடு வந்திருந்த அம்மாவின் கைக்குப் போனது. சாக்கைச் சுற்றி, காலையும் மாலையும் நனைக்க வேண்டும். குறைந்தது ஒரு வாரம். இதில் சோம்பினால் முதல் கோடையிலேயே விரிசல் விடும். ஆனால் பல வீடுகளில் இந்த நாட்களுக்குக் கூலி கிடையாது, “தண்ணி ஊத்துறது ஒரு வேலையா?” என்று கேட்கிறார்களாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு வேலை வைத்தால், அதை எப்படித் திறப்பது என்று முதலில் கேளுங்கள். தண்ணீர் ஊற்றும் நாட்களுக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள்.