துடைக்கும்போது வெடித்தது

"துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது எதிர்பாராமல் குண்டு பாய்ந்தது" என்று அவ்வப்போது பேப்பரில் ஒரு செய்தி வருகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். துடைக்க எடுத்த துப்பாக்கிக்குள் தோட்டா ஏன் இருந்தது?

வேப்பம்பட்டில் எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். மத்திய ரிசர்வ் போலீசில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷன் பக்கம் மாலை நடை போகும்போது அவரிடம் கேட்டேன்.

"மேகசினைக் கழட்டிட்டா காலின்னு நினைச்சுடறாங்க சார். மேல ஒண்ணு உட்கார்ந்திருக்கும்" என்றார்.

விஷயம் இதுதான். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்து விட்டால், கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினிலிருந்து ஒரு தோட்டா குழலின் பின்வாயான சேம்பரில் ஏறிவிடும். அதன்பின் மேகசினை உருவினாலும் அந்த ஒன்று அங்கேயே இருக்கும். ஆகவே முதலில் மேகசினை எடுக்க வேண்டும், பிறகு ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பழைய தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து புதியது உள்ளே போகும். இழுத்தவர் காலி என்று நிம்மதியாக இருப்பார். அதனால் ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்ப்பாராம். அதுவரை குழல்வாய் மணல் வாளியை நோக்கியே இருக்கும். விரல் டிரிக்கர் பக்கம் போகாது. தோட்டாக்கள் வேறு அறைக்குப் போய்விடும்.

அவர் பல வருஷம் கையாண்டது 9 எம்.எம். 1ஏ பிஸ்டல். மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. அதன் மூதாதை பிரௌனிங் ஹை பவர் என்று கேட்டதும் எனக்குள் இருந்த புதுச்சேரிப் பையன் விழித்துக்கொண்டான். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனாயிற்றே! அதன் பிறப்புப் பெயர் 'கிராந்த் புய்சான்ஸ்', பெரும் வலிமை என்று பொருள். பிரெஞ்சு ராணுவம் கேட்டதால் பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனிக்காக ஜான் பிரௌனிங் வரையத் தொடங்கினார். 1926-ல் அவர் இறந்துபோக, தியுதொனே சேவ் முடித்தார். 1935-ல் அது வெளிவந்தது. கேட்ட பிரெஞ்சுக்காரர்கள் கடைசியில் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை!

எளிதாகக் கழற்றி மாட்ட வரவேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று. அது அப்படியே நிறைவேறியிருக்கிறது. காலி என்று உறுதியான பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, சேஃப்டி நெம்பை அதற்கென்றே உள்ள வெட்டில் மாட்டி நிறுத்த வேண்டும். வலப்பக்கம் எட்டிப் பார்க்கும் ஊசியை அழுத்தினால் ஸ்லைடு ஸ்டாப் இடப்பக்கமாக வெளியே வரும். ஸ்லைடை இறுகப் பிடித்துக்கொண்டு நெம்பை இறக்கினால் அது முன்பக்கமாகக் கழன்றுவிடும். பிறகு ஸ்பிரிங்கும் குழலும் தனித்தனியே கைக்கு வரும். ஸ்க்ரூ டிரைவர் தேவையே இல்லை. குழலைப் பின்பக்கத்திலிருந்து பிரஷ் விட்டுத் துலக்கி, சிந்தித் துணியால் துடைத்து, எண்ணெயைத் தொட்டும் தொடாமலும் பூசினால் போதும். நம் ஊர்ப் புழுதியில் எண்ணெய் அதிகமானால் பசைதான் மிஞ்சும் என்கிறார்.

இன்னொரு நிபந்தனை, மேகசின் இல்லாவிட்டால் டிரிக்கர் வேலை செய்யக்கூடாது என்பது. பாதுகாப்புக்கென்று வைத்ததுதான், ஆனால் அதிலேயே ஒரு பொறி இருக்கிறது. திரும்ப மாட்டி முடித்ததும் ஹாமர் நிமிர்ந்து நிற்கும். டிரிக்கரை அழுத்தி அதை இறக்க ஒரு மேகசினைச் செருகியாக வேண்டும். காலி மேகசின்தான் செருகவேண்டும். அவசரத்தில் மேஜைமேல் இருக்கும் நிறைந்ததை எடுத்துச் செருகி, ஸ்லைடையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டால்? தோட்டாக்களை வேறு அறைக்கு அனுப்புவது இதற்காகத்தானாம். அப்படியும், செருகும் முன் மேகசினைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பாராம்.

"யார் எடுத்துக் கொடுத்தாலும் தட்டிப் பார்ப்பேன் சார். நானே ரெண்டு நிமிஷம் முன்னால வெச்சதா இருந்தாலும்" என்றார்.