கொல்லிமலையின் கூந்தல்பனை: பூத்து முடித்ததும் விடைபெறும் மரம்!

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. சமவெளியில் துணைக்கு வந்த பனை மரங்கள் பின்தங்கிவிடுகின்றன. பலா, காபி, மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் என்று காட்சி மாறுகிறது. பல சிற்றூர்கள் சேர்ந்த பகுதியை இங்கே 'நாடு' என்கிறார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் அப்படியொரு நாடுதான் வாழவந்தி நாடு.

மரத்தில் துளை போட்டு சிரப் எடுக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் முடியுமா?

முடியாது. கனடாவின் மேப்பிள் மரத்தில் இரவு உறைபனியும் பகல் வெயிலும் மாறி மாறி வருவதால்தான் தண்டிலிருந்து சாறு வடிகிறது. கொல்லிமலையில் அந்தக் குளிர் கிடையாது. பலாவைத் துளைத்தால் பிசுபிசுப்பான பால்தான் வரும். நம் ஊர் மரங்களில் இனிப்பு இருப்பது பாளையில்.

கூந்தல்பனை

மீன் வால் போன்ற இலை, சடை சடையாகத் தொங்கும் பூங்கொத்து... இதுதான் கூந்தல்பனை. இலங்கையில் இதற்குக் கித்துள் என்று பெயர். பாளையைச் சீவி, வடியும் சாற்றைக் காய்ச்சினால் கித்துள் பாணி. எருமைத் தயிரில் ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

இந்த மரம் பல ஆண்டுகள் பூக்காமலே வளரும். பிறகு உச்சியில் முதல் பாளை வரும். அடுத்தடுத்த பாளைகள் ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி வரும். கடைசிப் பாளை முடிந்ததும் மரம் பட்டுப்போகும். எல்லாப் பாளைகளையும் சீவிவிட்டால் விதை ஏது, அடுத்த கன்று ஏது? காப்புக்காட்டு மரத்தில் அனுமதியில்லாமல் கைவைப்பது குற்றமும்கூட.

வீட்டில் பாகு

ஆசையைத் தீர்க்கப் பனை இருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதே பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். சீசனில் பனையேறிகளிடம் 4 லிட்டர் வாங்குங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை வடிகட்டி, அன்றைக்கே அகலமான, அடிகனமான பாத்திரத்தில் காய்ச்சுங்கள். நுரை பொங்கும்போது தீயைக் குறையுங்கள். கரண்டியிலிருந்து தேன்போல விழும்போது இறக்கினால், சுமார் அரை லிட்டர் பாகு. இன்னும் காய்ச்சினால் கருப்பட்டி.

மேப்பிளில் 1 லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். நம் பனைக்கு 8 லிட்டர் போதும்!

அடுத்தமுறை கொல்லிமலை போனால் கூந்தல்பனையை அண்ணாந்து பாருங்கள். பாளை உச்சியில் இருந்தால் அதற்கு இன்னும் சில ஆண்டுகள். அடிப்பக்கம் இறங்கியிருந்தால், அது விடைபெறும் நேரம்.